தேன்மரியின் ஞானஸ்நானச் சான்றிதழ்

இன்னாசிபுரத்துப் புனித ஆக்னஸ் தொடக்கப் பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் மூன்றரை மணிக்கு ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் ஒரு ரோஸ் தாளை வைத்து அனுப்புவார்கள். அடுத்த வாரம் என்றைக்கு லீவு, என்றைக்குக் கலர் டிரஸ், முதல் வெள்ளிப் பூசைக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும், எந்த வகுப்பில் யார் பரிசு வாங்கினார்கள், நகம் வெட்டாமல் வருகிறவர்கள் யார், கழிப்பறைக் குழாயை மூடாமல் ஓடுகிறவர்கள் எந்த வகுப்பு என்பதெல்லாம் அதில் இருக்கும். இருபத்தைந்து வருஷமாக அந்தத் தாளில் ஒரு தேதிகூடத் தப்பியதில்லை. அதனால் மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த அந்த ஊரில் கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறவர்கள்கூட ரோஸ் தாளைப் பார்த்துவிட்டுத்தான் மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பார்கள்.

அப்படிப்பட்ட தாளில், கல்லறைத் திருநாள் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை, கையெழுத்துப் போட்டி முடிவுகளுக்குக் கீழே இப்படி ஒரு வரி வந்திருந்தது: 'மூன்றாம் வகுப்பு தேன்மரி, ஆறுதல் பரிசு.'

மூன்றாம் வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகள். அதில் தேன்மரி என்று யாரும் இல்லை. மூன்றாம் வகுப்பில் மட்டுமல்ல, பள்ளியின் நூற்றுப் பதினான்கு பிள்ளைகளிலும் இல்லை. தலைமையாசிரியை சிஸ்டர் பெனிட்டா தன் மேஜையில் கிடந்த தாளை மூன்று முறை படித்துவிட்டு, தாளை அச்சடித்துக் கொடுக்கும் கிளார்க் தனிஸ்லாஸைக் கூப்பிட்டார்.

"இது யாரு சேர்த்தது?"

"நான் ஒரு எழுத்துகூடத் தொடல சிஸ்டர். நீங்க அடிச்சுக் கொடுத்தத அப்படியே பிரிண்ட் எடுத்தேன்."

கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார்கள். அதில் அந்த வரி இல்லை. மறுபடி ஒரு தாள் எடுத்தார்கள். தாளில் வரி இருந்தது. சிஸ்டர் வெள்ளைத் தாளில் கையாலேயே எழுதி, அதைக் கடைத்தெருவுக்கு அனுப்பி ஜெராக்ஸ் எடுத்து வரச் சொன்னார். ஜெராக்ஸில் அவருடைய சாய்ந்த கையெழுத்திலேயே, அவர் போடுகிற மாதிரியே சுழித்த 'ன்' போட்டு, தேன்மரி ஆறுதல் பரிசு வாங்கியிருந்தாள். சிஸ்டர் பெனிட்டா நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார். அதற்குள் மணி மூன்றரை ஆகிவிட்டது, பிள்ளைகள் பைகளோடு வரிசையில் நின்றார்கள், வேறு வழியில்லாமல் தாள்கள் வீடுகளுக்குப் போய்விட்டன.

திங்கட்கிழமை காலையில் மூன்று அம்மாக்கள் பள்ளி வாசலுக்கு வந்து, தங்கள் பிள்ளையின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்போது புதிதாக வந்த பிள்ளைக்கு எப்படி ஆறுதல் பரிசு கொடுக்கலாம் என்று சண்டை போட்டார்கள். சிஸ்டர் விசாரிப்பதாகச் சொல்லி அனுப்பினார். அந்த வெள்ளிக்கிழமை தாளில் நினைவூட்டல்களுக்குக் கீழே, 'தேன்மரியின் அம்மா, பிள்ளையின் தலையில் பேன் பார்த்து அனுப்பவும்' என்று வந்தது.

அந்தத் தாளை முதலாம் வகுப்பில் படிக்கும் லில்லியின் பையிலிருந்து எடுத்துப் படித்தவள் கித்தேரி. அவள் பூ மார்க்கெட்டில் சரம் தொடுக்கிறவள், அவள் புருஷன் சூசைநாதன் தோட்டங்களிலிருந்து மார்க்கெட்டுக்குப் பூ மூட்டை ஏற்றிப் போகிற லோடு ஆட்டோ வைத்திருந்தான், லில்லி அவர்களுக்கு ஒரே பிள்ளை. லில்லிக்கு முன்னால், இன்றைக்கு எட்டு வருஷத்துக்கு முந்தி ஒன்று பிறந்தது. ஏழாம் மாதத்திலேயே இறந்து பிறந்தது என்று கித்தேரி மூன்று நாள் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது சொன்னார்கள். அவள் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. ஞானஸ்நானம் வாங்காமல் போன பிள்ளைகளைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைப்பது இன்னாசிபுரத்தின் வழக்கம். எந்தச் சாமியாரும் அப்படிச் சொல்லி நாற்பது வருஷம் இருக்கும், ஆனாலும் ஊர் அதை விடவில்லை. கித்தேரி கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் உள்ளே போய் மெழுகுவர்த்தி ஏற்றும்போது தான் மட்டும் சுவரைச் சுற்றிக்கொண்டு போய், வேலிக்கருவை முள்ளை விலக்கி, ஒரு முழம் பூவை வைத்துவிட்டு வருவாள்.

தேன்மரி என்ற பெயர் அவள் வைத்தது. அந்தப் பிள்ளையைச் சுமந்த ஐந்தாம் மாதத்தில், ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, கோயில் கோபுரத்துத் தேன்கூட்டிலிருந்து ஒரு சொட்டு அவள் முக்காட்டில் விழுந்தது. அன்றைக்கு அந்தப் பெயரை மனதுக்குள் வைத்தாள். அப்படி ஒரு புனிதை கிடையாது, சொன்னால் மாமியார் சிரிப்பாள், பிள்ளை பிறந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளை பிறந்த பிறகு சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று.

முதல் வாரம் தாளில் அந்தப் பெயரைப் பார்த்தபோது கித்தேரி அந்த வரியை விரல் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தாள். யாரோ வேறொரு தாய்க்கும் அதே பெயர் தோன்றியிருக்கிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, அந்தப் பிள்ளையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று இரண்டு நாள் பள்ளி வாசலில் போய் நின்றாள். மூன்றாம் வகுப்பிலிருந்து இருபத்து மூன்று பிள்ளைகள் வெளியே வந்தார்கள். அவள் ஒவ்வொரு பெயராகக் கேட்டாள். எல்லாம் வேறு வேறு பெயர்கள். இரண்டாவது வாரம் பேன் பார்க்கச் சொல்லித் தாள் வந்ததும், அவள் வேறெதுவும் யோசிக்காமல் எழுந்துபோய்ப் பேன் சீப்பை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"எனக்குப் பேன் இல்லம்மா," என்றாள் லில்லி.

"உனக்கு இல்லடா," என்றாள் கித்தேரி.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு உட்காரும்போது சூசைநாதன்தான் தாளை உரக்கப் படிப்பான், அது அந்த வீட்டுப் பழக்கம். அன்றைக்கும் படித்தான். லீவு நாளைப் படித்தான், பிறந்தநாள்களைப் படித்தான், நினைவூட்டல்களை ஒவ்வொன்றாகப் படித்தான், தேன்மரியின் வரி வந்ததும் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டான். அவன் தாண்டியதைக் கித்தேரி கவனித்தாள். ஏதோ அச்சுப் பிழை என்று விட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். அவன் அன்றைக்குப் பாதிச் சோற்றிலேயே கை கழுவினான்.

பெயரைப் பற்றி ஊர் முதலில் பயந்தது, பிறகு பேசியது, பிறகு பழகியது, இந்த மூன்றும் நடந்து முடிய ஒரு மாதம்கூட ஆகவில்லை. சிஸ்டர் பெனிட்டா பயந்துபோய் ஒரு வாரம் தாளையே நிறுத்திப் பார்த்தார். அந்தத் திங்கட்கிழமை பாதிப் பிள்ளைகள் யூனிஃபார்மிலும் பாதிப் பிள்ளைகள் கலர் டிரஸ்ஸிலும் வந்தார்கள், தடுப்பூசி போட நர்ஸ் வந்தபோது நான்காம் வகுப்பில் பாதிப்பேர் மாமன் வீட்டுச் சடங்குக்குப் போயிருந்தார்கள், அரையாண்டுப் பரீட்சை என்றைக்குத் தொடங்குகிறது என்று தெரியாமல் வீடுகளில் சண்டை வந்தது. அம்மாக்கள் கூட்டமாக வந்தார்கள். "அந்தப் புள்ள பேரு இருந்தா இருந்துட்டுப் போகட்டும் சிஸ்டர், அது யாரை என்ன பண்ணுச்சு? எங்களுக்குத் தாள் வேணும்," என்றார்கள். தாள் மறுபடி வந்தது, தேன்மரியும் வந்தாள். பனிக்காலத்தில் அவளுக்குச் சளி, ஸ்வெட்டர் போட்டு அனுப்பவும் என்று வந்தது. வாய்ப்பாட்டில் ஏழாம் வாய்ப்பாடு மட்டும் வரவில்லை என்று வந்தது. மூன்றாம் வகுப்பு டீச்சர் வருகைப் பதிவேட்டில் கடைசியாக அவள் பெயரையும் கூப்பிட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து, புத்தகத்தை மூடினார். இரண்டாவது பெஞ்சில் பிள்ளைகள் தாங்களாகவே நெருங்கி உட்கார்ந்து ஒரு ஆள் இடம் விட்டார்கள். கிறிஸ்துமஸுக்குத் தனிஸ்லாஸ் கேக்கை நூற்றுப் பதினைந்து துண்டாக வெட்டினார், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பூ மார்க்கெட்டில் ஒருத்தி இன்னொருத்தியிடம், "எம் மகளும் ஏழாம் வாய்ப்பாட்டுலதான் நிக்கிறா, அந்தத் தேன்மரிப் புள்ள மாதிரியே," என்று சொல்லிக்கொண்டே பூ நிறுத்தாள். பக்கத்தில் சரம் தொடுத்துக்கொண்டிருந்த கித்தேரியின் விரலில் நார் அறுந்தது.

அவளுக்கு மட்டும் அது பழகவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அடிவயிற்றில் யாரோ எட்டி உதைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் வியாழக்கிழமையே அவள் அடுத்த நாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். தன் பிள்ளைக்குக் கணக்கு வராது என்பது அவளுக்கு எட்டு வருஷத்துக்குப் பிறகு கிடைத்த செய்தி. அதை வைத்துக்கொண்டு அவள் ஒரு வாரம் முழுக்க அழுதாள், ஒரு வாரம் முழுக்கச் சந்தோஷமாகவும் இருந்தாள்.

ஜனவரி முதல் வெள்ளியில் தாள் வேறு மாதிரி பேசியது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த மாதக் கடைசி ஞாயிறு புதுநன்மை வாங்குவதாக இருந்தது. முதல் முறையாக நற்கருணை வாங்கும் நாள், அந்த ஊரில் அது பாதிக் கல்யாணம். வெள்ளை உடுப்பும், பந்தலும், பிரியாணியும், வெளியூர்ச் சொந்தமும் இல்லாமல் அது நடக்காது. அதற்கு ஒவ்வொரு பிள்ளையின் ஞானஸ்நானச் சான்றிதழும் பள்ளிக்கு வரவேண்டும். 'தேன்மரியின் சான்றிதழ் மட்டும் வரவில்லை. பெற்றோர் உடனே கவனிக்கவும்' என்று இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை, 'தேன்மரியின் சான்றிதழ் வரும்வரை புதுநன்மை தள்ளிவைக்கப்படுகிறது' என்று வந்தது.

பங்குச் சாமியார் ஞானாதிக்கம் பூசையில் அறிவிப்புச் செய்தார், புதுநன்மை குறித்த நாளில் நடக்கும், தாளைப் பார்த்து யாரும் குழம்ப வேண்டாம் என்றார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் திங்கட்கிழமை மாலை ஒத்திகைக்கு ஒரு பிள்ளைகூட வரவில்லை. சாமியார்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், இவர் வந்து இரண்டு வருஷம், தாளோ இருபத்தைந்து வருஷமாகத் தப்பியதில்லை.

புதன்கிழமை பகல் பதினொரு மணிக்குப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். தையல்காரி ரெஜினா பதினொரு பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் தைத்து முடித்து, தன் மகனுக்கும் கோட்டு சூட்டு தைத்து வைத்திருந்தாள். அவள்தான் முதலில் எழுந்தாள்.

"நான் ஒண்ணு கேக்குறேன். தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் புள்ள ஆகாசத்துல இருந்து குதிச்சுச்சா? யாரோ ஒருத்தி பெத்துருக்கா. அவ இந்த ஊர்லதான் இருக்கா, இல்லைன்னா இந்த ஊரு தாள்ல ஏன் வருது? யாரா இருந்தாலும் எந்திரிச்சு வந்து அந்தச் சான்றிதழக் கொடுத்துட்டா எங்க புள்ளைங்க நன்மை வாங்கும். ஒரு கடுதாசியக் கொடுக்க என்ன கேடு?"

கித்தேரி எழுந்தாள். முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் பெத்தேன்," என்றாள்.

அறையில் இருந்த நூறு பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"எட்டு வருஷம் ஆச்சு. செத்துப் பொறந்தா. மூஞ்சியக்கூட நான் பாக்கல. பேரு நான் மனசுல வெச்சது, எந்த மனுசங்கிட்டயும் சொன்னதில்ல. செத்துப் பொறந்த புள்ளைக்குச் சான்றிதழுக்கு நான் எங்க போவேன், ரெஜினாக்கா? நீயே சொல்லு."

ரெஜினா வாயில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிஸ்டர் பெனிட்டா மேடையிலிருந்து இறங்கி வந்து கித்தேரியின் பக்கத்தில் நின்றார், தொடலாமா வேண்டாமா என்று தெரியாமல் கையைப் பாதித் தூரம் நீட்டியபடி. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியவில்லை, சாமியார்கிட்ட போவோம் என்று ஒரு குரல் எழுந்தது. கூட்டம் முழுவதும் கிளம்பிக் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த சாமியார் வீட்டுக்கு நடந்தது, கித்தேரியை நடுவில் விட்டு, ஒரு சாவு வீட்டுக்கும் ஒரு கல்யாண வீட்டுக்கும் ஒரே நேரத்தில் போகிற மாதிரி.

ஃபாதர் ஞானாதிக்கம் வாசலுக்கு வந்து எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். நல்ல மனிதர், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "அம்மா, உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான் ஞானஸ்நானம் கொடுக்க முடியும். உங்க பிள்ளைய ஆண்டவர் பார்த்துக்குவார், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா நடக்காத ஞானஸ்நானத்துக்கு நான் எப்படிச் சான்றிதழ் எழுத முடியும்?"

"நடந்துச்சு சாமி."

சொன்னவன் சூசைநாதன். ஆட்டோவைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு, கூட்டத்தின் பின்னாலேயே வந்திருக்கிறான். மேலெல்லாம் மல்லிகை மொட்டு ஒட்டியிருந்தது.

"நான் கொடுத்தேன்," என்றான். "செத்துப் பொறக்கல சாமி. பதினொரு நிமிஷம் இருந்துச்சு."

கித்தேரி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்த பெண்கள் இரண்டு அடி விலகினார்கள்.

சாமியார் அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை. கித்தேரி உள்ளே வந்து சுவரோடு நின்றாள், சன்னல் முழுக்க ஊர் நின்றது.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுப்பா."

"வலி வந்து ஹெல்த் சென்டருக்குத்தான் முதல்ல கொண்டு போனேன். ஒரே ஒரு நர்சம்மா. புள்ள வந்ததும் இவளுக்கு ரத்தம் நிக்கல. அந்தம்மா புள்ளையத் துணியில சுத்தி எங் கையில கொடுத்து, இது தாங்காதுப்பா, நான் தாயப் பாக்கணும்னு சொல்லிட்டு ஸ்கிரீனுக்கு அந்தப் பக்கம் போயிருச்சு. செவுத்துல கடிகாரம் இருந்துச்சு. பத்து இருபதுக்குக் கொடுத்தாங்க. பத்து முப்பத்தொண்ணு வரைக்கும் மூச்சு இருந்துச்சு."

"தண்ணி ஊத்தினியா?"

"எந் தண்ணி பாட்டில்ல இருந்து. நெத்தியில கொஞ்சமா ஊத்துனேன். குளிருமேன்னு பயமா இருந்துச்சு சாமி."

"என்ன வார்த்தை சொன்னே?"

"உபதேச வகுப்புல சொல்லிக் கொடுத்ததுதான். பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே, தேன்மரி, நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்னு."

"அந்தப் பேரு உனக்கு எப்படித் தெரியும்?"

"இவதான். மயக்கத்துல அந்தப் பக்கம் இருந்து கூப்புட்டுக்கிட்டே இருந்தா."

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துவந்தார். ஆபத்து நேரத்தில் யார் கொடுத்தாலும் அது ஞானஸ்நானம்தான், ஒரு சாட்சி போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரிச் சொன்னார். அவர் பேனாவைத் திறக்கும்போது கித்தேரி பேசினாள். பதினொரு வருஷத்துக் குடித்தனத்தில் அவனை 'நீங்க' என்றே கூப்பிட்டவள், ஊர் கேட்க, "உயிரோட இருந்தாளா?" என்றாள். "நீ எங்கிட்ட செத்துப் பொறந்துச்சுன்னு சொன்னே."

"ஆஸ்பத்திரியில உனக்கு ரத்தம் ஏத்திக்கிட்டு இருந்தாங்க. அதிர்ச்சியா எதுவும் சொல்லக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க. அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"எட்டு வருஷமாவா?"

"சொன்னா நீ ஒண்ணு கேப்பே. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல."

"என்ன கேப்பேன்?"

"எங்கிட்ட ஏன் கொண்டு வந்து காட்டலன்னு கேப்பே." என்றான். "ஸ்கிரீனுக்கு அந்தப் பக்கம்தான் நீ இருந்தே. ரெண்டு எட்டு. உம் பக்கத்துல கொண்டு வந்து படுக்க வெச்சிருக்கலாம். எனக்குத் தோணல. பதினொரு நிமிஷமும் தோணல. பத்து முப்பத்திரண்டுக்குத்தான் தோணுச்சு."

சன்னலில் யாரோ சத்தமாக அழுதார்கள். கித்தேரி அழவில்லை. "ஞானஸ்நானம் வாங்குன புள்ளைய முள்ளுக்குள்ள புதைச்சிருக்கே," என்று மட்டும் சொல்லிவிட்டு, அவனைத் தாண்டி வெளியே போனாள். அன்றைக்கு அவள் மார்க்கெட்டுக்குப் போகவில்லை, சோறு பொங்கவில்லை, அவனோடு பேசவில்லை. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை தாளில், 'எல்லாச் சான்றிதழ்களும் வந்துவிட்டன. நன்றி. புதுநன்மை குறித்த நாளில் நடைபெறும். பெண்பிள்ளைகள் நகப்பூச்சுப் போட வேண்டாம்' என்று வந்தது. யாரும் அடிக்காமல் வந்த வரிகளில் அதுதான் கடைசி.

திங்கட்கிழமை காலையில் சிஸ்டர் பெனிட்டாவின் அறைக்கு ஐம்பது வயதுக்காரி ஒருத்தி வந்து, கதவைச் சாத்திவிட்டு, முப்பது வருஷத்துக்கு முன்னால் சுவருக்கு வெளியே வைத்த தன் பிள்ளைக்குத் தான் நினைத்திருந்த பெயரைச் சொன்னாள். அதைத் தாளில் போட முடியுமா என்று கேட்டாள். அவள் போனதும் இன்னொருத்தி வந்தாள். மத்தியானத்துக்குள் ஏழு பேர், புதன்கிழமைக்குள் பத்தொன்பது பேர். பத்து வருஷம் அதே ஊரில் தலைமையாசிரியையாக இருந்து, ஒவ்வொரு வீட்டு வாசலும் தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்த சிஸ்டர், பத்தொன்பதாவது பெயரை எழுதிவிட்டுப் பேனாவை மூட மறந்து உட்கார்ந்திருந்தார். அந்த வெள்ளிக்கிழமை, பிறந்தநாள்களுக்கும் நினைவூட்டல்களுக்கும் நடுவில், பத்தொன்பது பெயர்களையும் அவரே தன் கையால் அடித்தார். தனிஸ்லாஸ் ஒன்றும் கேட்காமல் அச்செடுத்தார்.

சனிக்கிழமை ஆண்கள் கடப்பாரையோடு போய்க் கல்லறைத் தோட்டத்தின் மேற்குச் சுவரை இடித்தார்கள். அந்தச் சின்னக் குழிகளைத் தோண்டி எடுத்து உள்ளே கொண்டுவரலாம் என்றுதான் முதலில் பேச்சு. கித்தேரி அதற்குச் சம்மதிக்கவில்லை. "தூங்குற புள்ளைய எதுக்கு எழுப்பணும், சுவத்தத் தள்ளிக் கட்டுங்க," என்றாள். வேலிக்கருவையை வெட்டி எறிந்துவிட்டு, இருபத்தைந்து அடி தள்ளி, அதே கல்லை வைத்துப் புதுச் சுவர் எழுப்பினார்கள். சூசைநாதன் தன் ஆட்டோவில் மணல் அடித்தான். கித்தேரி பார்த்துக்கொண்டு நின்றாள், அவனுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ரெஜினா டேப்போடு வீட்டுக்கு வந்தாள். "துணி மிச்சம் இருக்கு," என்றாள். "என்ன அளவுன்னு சொல்லு." கித்தேரிக்குத் தெரியவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த சூசைநாதன் தன் இரண்டு கைகளையும் ஒன்றரைச் சாண் தூரத்தில் வைத்துக் காட்டினான், காட்டிவிட்டு உடனே கையை எடுத்துக்கொண்டான். ரெஜினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கித்தேரி லில்லியைக் கூப்பிட்டு நிறுத்தி, அளவெடுத்து, "இதவிட நாலு இஞ்சு கூட வையிக்கா, அவ இவளுக்கு அக்காவாச்சே," என்றாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிப் பூசைக்குப் பிள்ளைகள் மெழுகுவர்த்தி பிடித்து இரண்டிரண்டு பேராக உள்ளே வந்தார்கள். கடைசியில் ரெஜினாவின் மகன் கோட்டு சூட்டோடு, பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட்டு, நேராகப் பார்த்து நடந்து வந்தான். அந்த இடத்துப் பெஞ்சில் பன்னிரண்டாவது வெள்ளைக் கவுன் மடித்து வைத்திருந்தது. சாமியார் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு நற்கருணை கொடுத்துக்கொண்டு வந்து, அந்தக் கவுனுக்கு முன்னால் நின்றார். என்ன செய்வது என்று மறைமாவட்டத்து ஆயருக்குக் கடிதம் எழுதியிருந்தார், பதில் வந்திருக்கவில்லை. ஆனாலும் "தேன்மரி," என்று கூப்பிட்டார். கையில் இருந்த அப்பத்தை உயர்த்தி, "கிறிஸ்துவின் திருவுடல்," என்றார். பெண்கள் வரிசையிலிருந்து கித்தேரி நடந்து வந்து, கவுனுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, "ஆமென்," என்று சொல்லி வாயைத் திறந்தாள்.

மத்தியானம் பந்தலில் எல்லோரும் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சூசைநாதன் கல்லறைத் தோட்டத்துப் புதுச் சுவரின் நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தான். சிமெண்டு இன்னும் ஈரமாக இருந்தது. கித்தேரி பட்டுச்சேலையோடு வந்து அவனுக்கு எதிரில், மண்ணில் உட்கார்ந்தாள். பதினொரு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவனோடு பேசினாள்.

"பத்து இருபதுக்குக் கொடுத்தாங்கன்னு சொன்னியே. அதுலருந்து சொல்லு. ஒவ்வொரு நிமிஷமா சொல்லு. எதையும் தாண்டிப் போகாத."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "மொத நிமிஷம் ஒண்ணும் பண்ணல. வாயி மட்டும் அசைஞ்சுச்சு. ரெண்டாவதுல எஞ் சட்டைப் பொத்தானப் புடிச்சுச்சு."

"'புடிச்சா'ன்னு சொல்லு."

"புடிச்சா. விட மாட்டேன்னுட்டா. மூணாவதுல தும்முனா. ரெண்டு தும்மலு. பூ வாசம் அடிச்சிருக்கும், எஞ் சட்டையில. நாலாவதுல..."

அவன் சொல்லிக்கொண்டே போனான், நிறைய முடி இருந்ததை, ஒரு காது மடங்கியிருந்ததை, காலை உதைத்துத் துணியை விலக்கியதை. எட்டு வருஷமாக ஒவ்வொரு நாளும் மனதில் ஓட்டிப் பார்த்தவன் என்பதால் ஒன்றும் விட்டுப்போகவில்லை. ஆறாவது நிமிஷம் முடிந்ததும் நிறுத்தினான்.

"ஏழாவது?" என்றாள் கித்தேரி.

"ஏழாவதுல நீ ஸ்கிரீனுக்கு அந்தப் பக்கம் தேன்மரின்னு கூப்புட்டே. சத்தமா. அதுவரைக்கும் அவ என்னத்தான் பாத்துக்கிட்டு இருந்தா." அவன் கண்ணைத் திறந்தான். "உங் குரலக் கேட்டதும் தலையத் திருப்புனா கித்தேரி. உன் பக்கம். அதுக்கப்புறம் என்னத் திரும்பிப் பாக்கவே இல்ல. கடைசி வரைக்கும் அந்தப் பக்கமேதான் பாத்துக்கிட்டு இருந்தா."

கித்தேரியின் கை மண்ணில் எதையோ தேடி, கிடைக்காமல், அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

"ஏழாவத இன்னொரு தடவ சொல்லு," என்றாள்.

அவன் சொன்னான்.